ஆட்டுக் கொட்டாய்க்குச் சான்று தேவை

எங்கள் ஊரில் துணை சுகாதார நிலையம் இருக்கிறது என்பதற்கு மூன்று சான்றுகள் உண்டு. இல்லை என்பதற்கு ஒன்றுகூடக் கிடையாது. இல்லாமல் இருந்தது சுகாதார நிலையம் மட்டும்தான்.

முதல் சான்று ஒரு கல். ஏதோ ஒரு தேர்தலுக்கு முந்தைய மாசியில் ஊத்துக்கோட்டையில் பந்தல் போட்டு, சுற்றுவட்டாரக் கட்டடங்களை எல்லாம் ஒரே மேடையில் திறந்து வைத்தார்கள். கட்டடங்களை மேடைக்குத் தூக்கிவர முடியாதே, அதனால் கல்வெட்டுகளைக் கொண்டுவந்து வரிசையாக நிறுத்தினார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு குட்டித் திரை, ஒரு கயிறு. வந்திருந்த பெரியவர் கயிற்றை இழுத்துக்கொண்டே போனார். ரேஷன் கடை திறந்தது, அங்கன்வாடி திறந்தது, நிழற்குடை திறந்தது, எங்கள் புன்னைத்தாங்கலின் துணை சுகாதார நிலையமும் திறந்தது. மற்றவை கட்டி முடிந்தவை. எங்களுடையதற்கு அதுவரை இடம்கூடப் பார்த்திருக்கவில்லை.

அன்று மாலை வாடகை நாற்காலிகளோடு டிராக்டரில் கல் ஊர் வந்து சேர்ந்தது. கூடவே ஒரு கொத்தனாரும் ஒரு சட்டி சிமெண்ட் கலவையும். கட்டடம் வரட்டும், அதில் பதிக்கலாம் என்று ஊரார் சொன்னார்கள். கலவை அதுவரைக்கும் காத்திருக்காது என்றார் கொத்தனார். கோயில் மதிலில் பதிக்கலாமா என்று பார்த்தால் பூசாரி ஒப்புக்கொள்ளவில்லை. சாலையைப் பார்த்தபடி, பூசிய சுவராக இருந்தது இன்னும் ஒன்றே ஒன்று. அது வரதன் மாமாவின் ஆட்டுக் கொட்டாய். ஆடு திருட்டுக்குப் பயந்து அவர் செங்கல் வைத்து, ஓடு போட்டு, கதவு வைத்துக் கட்டியிருந்தார். ஊரில் பாதி வீடுகள் அவ்வளவு உறுதியாக இல்லை. தற்காலிகமாக என்று சொல்லி அதில் பதித்துவிட்டுப் போனார்கள். 'புன்னைத்தாங்கல் துணை சுகாதார நிலையக் கட்டடம்' என்று தொடங்கி 'திருக்கரங்களால் திறந்து வைக்கப்பட்டது' என்று முடியும் அந்தக் கல்லின் கீழே ஆடுகள் நின்று அசை போட்டன.

இதெல்லாம் நான் இந்த ஊருக்கு மருமகளாக வருவதற்கு முன்னால் நடந்தது. என் மாமியார் கெங்கம்மாள் சொல்லிக் கேட்டேன். அதாவது செவிவழிச் செய்தி. கலைக்களஞ்சியத்தில் போட்டால் தூக்கிவிடுவார்கள்.

கலைக்களஞ்சியம் எங்கே வந்தது என்கிறீர்களா? நான் தமிழ்செல்வி. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் கார் பிரேக்குக்கு உதிரி பாகம் செய்கிற கம்பெனியில் தரப் பரிசோதனை என் வேலை. அளவில் மயிரிழை பிசகிய பாகத்துக்குச் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளி வைப்பேன். சந்தேகப்படுவதற்குச் சம்பளம் வாங்குகிறவள். கம்பெனி வேனில் போக வர நேரம் நிறைய. மற்றப் பெண்கள் செல்போனில் சீரியல் பார்க்கும் நேரத்தில் நான் இணையக் கலைக்களஞ்சியத்தில் கட்டுரை திருத்துவேன். அதில் யார் வேண்டுமானாலும் எழுதலாம், ஆனால் எழுதுவதற்கு நம்பகமான சான்று காட்ட வேண்டும். சான்றில்லாத வரியின் வாலில் 'சான்று தேவை' என்று ஒரு குறிப்பைக் கட்டித் தொங்க விடலாம். அதுவும் சிவப்பு ஸ்டிக்கர்தானே, எனக்குப் பிடித்துப் போயிற்று.

ஒட்டுகிற வேலைக்கும் குறைவில்லை. எந்த ஊர்க் கட்டுரையைத் திறந்தாலும் அங்கே பாண்டவர்கள் வந்து ஒரு ராத்திரி தங்கியிருப்பார்கள். சான்று கேட்டால் கல்யாண மண்டபத்தின் இணையதளத்தைக் காட்டுவார்கள். ஒரு தனியார் பள்ளியின் தாளாளர் 'கல்வி வள்ளல்' என்பதற்குச் சான்று, அவரது பிறந்தநாளுக்கு அவரே வைத்துக்கொண்ட பேனர். ஒரு சாதிச் சங்கத்தின் தினக் காலண்டரை வைத்துக்கொண்டு ஒருவர் பல்லவர் வரலாற்றையே திருப்பி எழுதியிருந்தார். எல்லாவற்றையும் சந்தோஷமாக வெட்டினேன். கம்பெனியில் கிடைக்காத மரியாதை அதில் கிடைத்தது.

ஒருநாள் எங்கள் ஊர்க் கட்டுரையைத் திறந்தேன். 'இவ்வூரில் துணை சுகாதார நிலையம் ஒன்று உள்ளது' என்றிருந்தது. சான்றாக அந்தக் கல்லின் புகைப்படம். சைக்கிளில் ஊர் சுற்ற வந்த யாரோ எடுத்தது, எழுத்து ஒவ்வொன்றும் தெளிவாகத் தெரிந்தது. கீழ் ஓரத்தில் ஒரு ஆட்டுக் காதும் தெரிந்தது, பார்க்கத் தெரிந்தவர்களுக்கு.

அந்த வரியை நீக்கினேன். கையிலிருந்த டீ ஆறுவதற்குள் அது திரும்பி வந்துவிட்டது. கொண்டுவந்தவர் 'மெய்ப்பொருள்' என்ற புனைபெயர்க்காரர், கலைக்களஞ்சியத்தின் நிர்வாகிகளில் ஒருவர். எந்த ஊர்க்காரர் என்று தெரியாது. நல்ல தமிழில் எழுதுவார், கோபமே வராது. கோபம் வராதவர்களோடு சண்டை போடுவதைப் போலக் கொடுமை வேறில்லை.

நான் இந்த ஊரிலேயே இருக்கிறேன், தினமும் அந்தச் சுவரைத் தாண்டித்தான் வேனுக்குப் போகிறேன், அது ஆட்டுக் கொட்டாய் என்று, கட்டுரையைப் பற்றி விவாதிப்பதற்கென்றே இருக்கும் பேச்சுப் பக்கத்தில் எழுதினேன். 'தங்கள் ஆர்வத்துக்கு நன்றி. ஆனால் நேரில் பார்த்தேன் என்பது சொந்த ஆய்வு. கலைக்களஞ்சியம் சொந்த ஆய்வுகளை ஏற்பதில்லை' என்று பதில் வந்தது. சரி, கண்ணால் பார்த்ததுதானே சிக்கல், படமாகவே தருகிறேன் என்று கொட்டாயை நாலா பக்கமும் எடுத்து ஏற்றினேன். மெய்ப்பொருள் மகிழ்ந்து போனார். ஒரு படத்தைக் கட்டுரையிலேயே சேர்த்துவிட்டார். அடியில் 'நிலையத்தின் முகப்புத் தோற்றம்' என்று விளக்கம். வாசலில் நின்ற ஆடுகளைப் பார்த்துவிட்டு இன்னொரு புண்ணியவான் 'இங்குக் கால்நடை மருத்துவ வசதியும் உண்டு' என்று ஒரு வரி சேர்த்தான். அதை மட்டும் சான்றில்லை என்று மெய்ப்பொருளே நீக்கினார். அவர் நேர்மையானவர்தான், அதில் சந்தேகமில்லை.

அதுவரைக்கும் இது எனக்கு விளையாட்டு. வேனில் பொழுதுபோக, பக்கத்து சீட்டுப் பெண்ணுக்குச் சொல்லிச் சிரிக்க ஒரு கதை. இளமதி வந்த பிறகுதான் சிரிப்பு நின்றது.

இளமதி என் நாத்தனார். திருவள்ளூர் டவுனில் கட்டிக் கொடுத்திருந்தது. தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்பது கெங்கம்மாளின் சட்டம். அதை மாற்றக் கோர்ட்டுக்குப் போனாலும் நடக்காது. இளமதிக்கோ ஐந்தாம் மாதத்திலிருந்தே ரத்த அழுத்தம். வாரா வாரம் பார்க்கவேண்டும், ஏறினால் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவர வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் அவள் வீட்டுக்காரர் அனுப்பத் தயங்கினார். பிறகு செல்போனில் தேடிப் பார்த்திருக்கிறார். ஊரிலேயே சுகாதார நிலையம் இருக்கிறது, முகப்புத் தோற்றம்கூட நன்றாகத்தான் இருக்கிறது என்று தைரியமாக அனுப்பிவிட்டார். அவர் பார்த்தது நான் எடுத்த படம்.

வளைகாப்பு முடிந்து கை நிறைய வளையலோடு காரில் வந்து இறங்கியவள், "அண்ணி, புது ஆஸ்பத்திரி எந்தப் பக்கம் கட்டிகிறாங்கோ?" என்று கேட்டாள். நான் வரதன் மாமாவின் கொட்டாயைக் காட்டினேன். அவள் சிரித்தாள், நான் விளையாடுகிறேன் என்று நினைத்து.

உண்மையைச் சொல்லித் திருப்பி அனுப்பிவிடலாம் என்றேன். கெங்கம்மாள் ஒரே பிடியாகப் பிடித்துக்கொண்டார். வளைகாப்பு முடிந்து கூட்டிவந்த பெண்ணைத் திருப்பி அனுப்பினால் சம்பந்தி வீட்டில் எப்படித் தலைநிமிர்வது என்பது அவர் கேள்வி. வாரா வாரம் காட்ட ஊத்துக்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போகும் சாலை குண்டும் குழியுமாக, ஷேர் ஆட்டோ குலுக்குகிற குலுக்கலில் நல்ல உடம்புக்கே ரத்த அழுத்தம் ஏறும். நானும் என் வீட்டுக்காரர் விமலும் மாறி மாறி இளமதியை வண்டியில் உட்கார வைத்து மெதுவாகக் கூட்டிப்போய் வந்தோம். ஒவ்வொரு வாரமும் முகம் இன்னும் கொஞ்சம் வீங்கித் தெரிந்தது. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

சுகாதார நிலையமே இல்லாத ஊர்களுக்குப் புதிதாக ஒன்று தரப் போகிறார்கள் என்று அப்போதுதான் பேச்சு அடிபட்டது. ஊராட்சித் தலைவர் தணிகைவேல் என் வீட்டுக்காரருக்குத் தாய்மாமன் முறை. வெள்ளை வேட்டியை அயர்ன் செய்து கட்டிக்கொண்டு, ஒரு திங்கட்கிழமை குறைதீர்க் கூட்டத்துக்குத் திருவள்ளூர் கிளம்பினார். நானும் லீவு போட்டுக் கூடப் போனேன். அங்கே எங்கள் மனுவைப் பார்த்தவர் சுகாதாரத் துறை ஆபீசிலிருந்து வந்திருந்த பரத் என்கிற இளைஞர். மனுவைப் பாதிவரை படித்தார், செல்போனை எடுத்துத் தேடினார், திரையை எங்கள் பக்கம் திருப்பினார்.

"உங்க ஊர்லதான் ஏற்கனவே ஒண்ணு இருக்குதே சார். போட்டோவே போட்டுகிறாங்க பாருங்க."

"தம்பி, நான் அந்த ஊரு தலைவரு. நான் சொல்றேன், இல்ல."

"மனு குடுக்க வந்தவரு இல்லன்னுதான் சொல்லுவீங்க. இருக்குதுன்னா சொல்லுவீங்க?"

தலைவர் என்னைப் பார்த்தார். பையன் சொன்னது முறைப்படி சரி. ஆதாயம் உள்ளவன் சொல்வதை நம்பக் கூடாது என்பது எங்கள் கலைக்களஞ்சியத்திலும் விதி. நானே எத்தனை பேரை அப்படி விரட்டியிருக்கிறேன். உங்கள் ஆபீசிலேயே பதிவு இருக்குமே, அதைப் பாருங்கள் என்று கேட்டேன். அலுவலகம் இடம் மாறியபோது பழைய கோப்புகள் எந்த அறையில் இறங்கின என்று தெரியவில்லை, அதனால்தான் இதைப் பார்க்கிறோம் என்று மரியாதையாகச் சொன்னார்.

விஷயம் அதோடு நிற்கவில்லை. ஊர் வாரியாக விவரம் வெளியிட வேண்டும் என்று அந்த ஆபீசுக்கு மேலிருந்து உத்தரவு வந்தது. எங்கள் ஊர் விவரம் அவர்கள் இணையதளத்தில் ஏறியது. கலைக்களஞ்சியத்திலிருந்து எடுத்த வரி, ஒரு புள்ளிகூட மாறாமல். அடுத்த நாளே மெய்ப்பொருள் அதைக் கட்டுரையில் இரண்டாவது சான்றாகச் சேர்த்தார். 'தற்போது அரசு ஆவணமும் இதை உறுதி செய்கிறது. விவாதம் முடிந்ததாகக் கொள்ளலாமா?' என்று என்னைக் கேட்டிருந்தார். நான் செல்போனை வேன் சீட்டில் எறிந்தேன். பக்கத்திலிருந்த பெண் எடுத்துத் துடைத்துக் கொடுத்தாள்.

எதைக் கொண்டுவந்தால் ஒப்புக்கொள்வீர்கள் என்று கேட்டு எழுதினேன். 'நம்பகமான செய்தித்தாள் ஏதேனும், அவ்வூரில் சுகாதார நிலையம் இல்லை என்று எழுதியிருந்தால் பரிசீலிக்கலாம்' என்றார். நியாயமான மனிதர், வழியை அடைக்கவில்லை.

ஊத்துக்கோட்டையில் செய்தித்தாளுக்கு எழுதுகிறவர் சாலமோன். பகுதி நேர நிருபர், முழு நேரம் பிளக்ஸ் பேனர் கடை. மஞ்சள் நீராட்டு, காதுகுத்து, பதவி ஏற்பு, கண்ணீர் அஞ்சலி எல்லாம் அவர் மிஷினில்தான் உருளும். ஊர் விசேஷம் எதுவும் அவருக்குத் தெரியாமல் நடக்காது என்பதால் செய்தித்தாள்காரர்கள் அவரையே பிடித்துப் போட்டிருந்தார்கள். அவர் என் கதையை முழுதாகக் கேட்டார். ஒன்று நடந்தால் செய்தி போடலாம், ஒன்று இல்லாமல் இருப்பதை எப்படிச் செய்தியாகப் போடுவது, அது தினமும்தானே இல்லாமல் இருக்கிறது என்றார். பிறகு அவரே வழி சொன்னார். சாலை மறியல் செய்யுங்கள், மறியல் என்றால் கட்டாயம் வரும்.

செய்தோம். ஊரே வந்தது. நாற்று நடவை ஒருநாள் தள்ளி வைத்துவிட்டு வந்து சாலையில் உட்கார்ந்தார்கள். வரதன் மாமா ஆடுகளையும் ஓட்டிவந்து குறுக்கே நிறுத்தினார். 'எங்களுக்குச் சுகாதார நிலையம் வேண்டும்' என்று கத்தினோம். போலீஸ் வந்து சமாதானம் பேசியது, பஸ் டிரைவர் இறங்கி எங்களோடு டீ குடித்தார். சாலமோன் வளைத்து வளைத்துப் படம் எடுத்தார்.

மறுநாள் காலை பேப்பரில் எங்கள் படம் பெரிதாக வந்திருந்தது. மேலே தலைப்பு: 'புன்னைத்தாங்கல் துணை சுகாதார நிலையத்தில் செவிலியர் இல்லை. பொதுமக்கள் மறியல்.'

கடைக்கே போய் நின்றேன். சாலமோனுக்கு என் முகத்தைப் பார்த்ததும் பாதி உயிர் போய்விட்டது.

"நா கரெக்டாதான் அனுப்புனேன்க்கா. மெட்ராஸ் ஆபீஸ்ல ஒருத்தரு செக் பண்ணிகிறாரு. நெட்ல கீது, கவர்மெண்டு சைட்லயும் கீது, நீ இல்லவே இல்லன்னு எழுதிகிறியே, நேர்ல போனியா இல்லியான்னு என்னையே கேட்டுட்டாரு."

மெய்ப்பொருள் இதையும் மூன்றாவது சான்றாகச் சேர்த்திருந்தார். கல்வெட்டு, அரசு இணையதளம், செய்தித்தாள் என ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்று மூலங்கள் ஒரே செய்தியைச் சொல்கின்றன, இவ்வளவு உறுதியான சான்றுள்ள ஊர்க் கட்டுரை அரிது என்று பாராட்டியிருந்தார். கட்டுரை கலைக்களஞ்சியத்தின் முதல் பக்கத்தில் வரத் தகுந்தது என்று வேறு யாரோ முன்மொழிந்திருந்தார்கள். எனக்கு அழுகை வந்தது. இளமதிக்கு அந்த வாரம் அழுத்தம் போன வாரத்தைவிட அதிகம். இவர்கள் முதல் பக்கத்துக்கு வாக்கெடுப்பு நடத்திக்கொண்டிருக்கிறார்கள்.

அங்கேயே பிளக்ஸ் மிஷின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டேன். மிஷினில் யாருக்கோ அஞ்சலி பேனர் மெதுவாக வெளியே வந்துகொண்டிருந்தது. நடுவில் செத்தவர் பெரிதாக, மேலே தோற்றம் மறைவு, கீழே துக்கப்படுகிறவர்கள் வரிசை வரிசையாகக் கண்ணாடி போட்டுக்கொண்டு. செத்தவரைப் பற்றி இனி யாரும் சான்று கேட்கப் போவதில்லை என்று தோன்றியது. இல்லாததை இல்லை என்று நிரூபிக்கத்தான் முடியாது. சாகடிக்க முடியும்.

"எல்லாரும் இருக்குதுன்றீங்க இல்ல?" என்று சாலமோனிடம் சொன்னேன். "சரி, இருந்துச்சு. இப்போ செத்துப்போச்சு. ஒரு கண்ணீர் அஞ்சலி போடுங்க."

பேனர் பெரிதாகவே அடித்தோம். நடுவில் கல்வெட்டு, அதற்கு மாலை. தோற்றம்: கல்லில் உள்ளபடி. மறைவு: யாரும் கவனிக்கவில்லை. 'எங்களை ஆறாத் துயரில் ஆழ்த்திவிட்டு மறைந்த துணை சுகாதார நிலையத்துக்குப் புன்னைத்தாங்கல் பொதுமக்களின் கண்ணீர் அஞ்சலி'. ஊர்ப் பையன்கள் அத்தனை பேரும் தங்கள் படம் வரவேண்டும் என்று அடம்பிடித்தார்கள். தலைவர் படம் கொஞ்சம் பெரிதாகப் போட வேண்டியிருந்தது. கூட்டுரோட்டில் கட்டினோம். மாலைக்குள் அது வாட்ஸ்அப்பில் ஆந்திரா வரைக்கும் போய்விட்டது. இந்தத் தடவை மெட்ராஸ் ஆபீசில் யாரும் எதையும் சரி பார்க்கவில்லை. சிரிப்பு வருகிற செய்தியை யாரும் சரி பார்ப்பதில்லை. 'மூடப்பட்ட சுகாதார நிலையத்துக்குக் கண்ணீர் அஞ்சலி: கிராமத்தினர் நூதன எதிர்ப்பு' என்று நாலு பேப்பரில் வந்தது.

மெய்ப்பொருள் உடனே திருத்தினார். 'உள்ளது' என்பது 'இயங்கி வந்தது, தற்போது மூடப்பட்டுள்ளது' என்று ஆனது. சொன்ன சொல் தவறாதவர்.

பரத்தே தலைவருக்குப் போன் செய்தார். புதிதாகக் கட்டுவது என்றால் நிலம், திட்ட மதிப்பீடு, டெண்டர் என்று வருடக்கணக்காகும். மூடியதைத் திறப்பதற்கு அதெல்லாம் வேண்டாம், வெள்ளையடித்து ஒரு நர்ஸ் போட்டால் போதும். நாலு பேப்பரில் வந்துவிட்டதால் மேலே சூடாக இருக்கிறார்கள், உத்தரவு போட்டாயிற்று என்றார். பெயின்ட் டப்பாக்களோடு முனுசாமி என்கிற கான்ட்ராக்டர் வந்து இறங்கினார். 'கல்வெட்டு உள்ள கட்டடம்' என்று அவர் கையிலிருந்த உத்தரவில் போட்டிருந்தது. ஊரில் கல்வெட்டு உள்ள கட்டடம் ஒன்றுதான்.

தலைவர் தயங்கித் தயங்கி வரதன் மாமாவிடம் விஷயத்தைச் சொன்னார். வேறு கட்டடம் தேடப் போனால் உத்தரவு திரும்பிப் போய்விடும், இளமதிக்குப் பிரசவம் ஆகும்வரை மட்டும் என்று கேட்டார். வரதன் மாமா தலையைச் சொறிந்தார். "நம்ம ஊட்டுப் புள்ள. அதுக்கு மேல ஆடா முக்கியம்? இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, ஆடுகளைத் தன் வீட்டுக்குப் பின்னால் கீற்று மறைத்த இடத்துக்கு ஓட்டிப்போனார். கொட்டாய் இரண்டே நாளில் பளிச்சென்று மஞ்சளானது. எவ்வளவு பினாயில் ஊற்றினாலும் வாசனை மட்டும் போகவில்லை.

நர்சாக வந்தவர் ஜபீன், பழவேற்காட்டுக்காரர். உள்ளே வந்ததும் மூக்கைச் சுருக்கினார். மேஜையைத் துடைத்தார், ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியை எடுத்து வைத்தார், முதல் ஆளாக இளமதியை உட்கார வைத்தார். ஒருமுறை பார்த்தார், மறுமுறையும் பார்த்தார். முகம் மாறாமலே வெளியே வந்து ஆம்புலன்சுக்குப் போன் போட்டார். சாயங்காலம் வரைக்கும் தாங்காது, இப்போதே திருவள்ளூர் என்றார். அவரும் கூடவே ஏறிக்கொண்டார். வழியெல்லாம் இளமதியின் கையைப் பிடித்தபடி கடல், படகு, தன் அக்கா பிள்ளைகள் என்று ஏதேதோ பேசிக்கொண்டே வந்தார்.

பெண் குழந்தை. மாதம் முந்திப் பிறந்தது, கைக்குள் அடங்கியது. இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் இருவரில் ஒருவர்கூட இருந்திருக்க மாட்டார்கள் என்று டாக்டர் சொன்னபோது நான் ஆஸ்பத்திரி நடையில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதேன். கெங்கம்மாள் ஜபீனின் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எத்தனையோ கட்டுரைகளில் எத்தனையோ வரிகளை வெட்டியிருக்கிறேன், ஒரு பொய் இப்படி உயிர் கொடுத்து நான் பார்த்ததில்லை.

மெய்ப்பொருளும் கட்டுரையைப் புதுப்பித்தார். 'நிலையம் புதுப்பிக்கப்பட்டு மீண்டும் இயங்குகிறது.' என் பேச்சுப் பக்கத்தில் ஒரு குறிப்பு: 'கல்வெட்டு பொய் சொல்லாது என்று அன்றே சொன்னேன் அல்லவா?' பல்லைக் கடித்துக்கொண்டு பதில் தட்டச்சு செய்யத் தொடங்கினேன், அழித்தேன். அங்கே நன்றி சொல்வதற்கு ஒரு பொத்தான் உண்டு, அதை அழுத்திவிட்டு வேலைக்குப் போனேன்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. கீற்று மறைவு ஒழுகி வரதன் மாமாவின் குட்டிகளுக்குச் சளி கண்டது, இரண்டு செத்தும் போயின. பிரசவம்தான் ஆகிவிட்டதே, கொட்டாயைத் திருப்பிக் கொடுங்கள் என்று தலைவரைக் கேட்டிருக்கிறார். தலைவர் ஆபீசைக் கேளுங்கள் என்றார். ஆபீசில் பரத் செல்போனைத் திருப்பிக் காட்டியிருக்கிறார். திறப்பு விழா கண்ட கட்டடம், முகப்புப் படம் இருக்கிறது, நாலு பேப்பர் சொல்கிறது, இதில் உங்கள் கொட்டாய் எங்கே வருகிறது பெரியவரே என்று கேட்டிருக்கிறார்.

நேற்று சாயங்காலம் வேனை விட்டு இறங்கியபோது வரதன் மாமா எங்கள் வாசலில் நின்றிருந்தார். நனைந்த சட்டைக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தார். உள்ளே மனைப் பட்டா, கொட்டாய்க்கு ஊராட்சியில் வருடா வருடம் வரி கட்டிய ரசீதுகள், எல்லாம் மடிப்புக் கலையாமல்.

"நீதான் அதுல எழுதறியாமே. இத்த வச்சிகினு, அது வரதன் கட்ன கொட்டாய்னு ஒரே ஒரு வரி போட்டுடும்மா. மத்தத நான் பாத்துக்கறேன்."

வாங்கிப் பார்த்தேன். சர்வே எண், அளவு, பெயர் எல்லாம் சரியாக இருந்தன. இத்தனை மாதமாக நான் தேடி அலைந்த சங்கதி, ஒரு மயிரிழை பிசகாத சான்று, என் கையில் இருந்தது. உள்ளே தொட்டிலில் குழந்தை சிணுங்கியது, இளமதி ஏதோ பாடினாள். இந்த ஒரு வரி ஏறினால் கட்டடம் இல்லாத நிலையம் என்று ஆகிவிடும். நர்சை வேறு ஊருக்கு மாற்றிவிடுவார்கள். எடை குறைந்து பிறந்த குழந்தையை ஜபீன் வாரா வாரம் தூக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

பட்டாவை மடித்துக் கவரில் போட்டு அவரிடமே நீட்டினேன். இது முதல்நிலை ஆவணம், இதை அங்கே ஏற்க மாட்டார்கள், வேறு யாராவது எழுதியிருக்க வேண்டும் என்றேன். குரல் எனக்கே மெய்ப்பொருளுடையது போலக் கேட்டது, அவ்வளவு மரியாதையாக.

"நான் கட்னது, நானே சொல்றேனே. அது போதாதாம்மா?"

"நீங்க சொன்னா அது சொந்த ஆய்வு மாமா."

அவருக்கு விளங்கவில்லை. ஆனால் நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை என்பது விளங்கியிருக்கும். கவரைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு இறங்கிப் போனார். பூட்டிய மஞ்சள் கதவின் முன்னால் அவருடைய ஆடுகள் மழையில் நின்றுகொண்டிருந்தன, பொழுது சாய்ந்தால் இன்னமும் அங்கேதான் வந்து நிற்கின்றன. ஒவ்வொன்றாகக் காதைப் பிடித்துத் திருப்பி ஓட்டிக்கொண்டு போனார்.

இன்று புதன்கிழமை, நிலையத்தில் தடுப்பூசி போடும் நாள். குழந்தைக்கு அடுத்த ஊசி போட்டாயிற்று.